ஆயாம்மா கால் நீட்டி உட்கார்ந்த நாள்

என் மருமகன், அதாவது தம்பி மகன், பால்வாடிக்குப் போன கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் ஒரே வார்த்தைதான் வருகிறது. "அந்த ஆயாம்மாவுக்கு நல்ல மனசு." சொன்னவர்கள் கண் கலங்குகிறார்கள், ஒரு நிமிடம் அமைதியாக இருக்கிறார்கள், அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. அந்த அம்மாவின் மனசைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக உறுத்துகிறது. அது ஏன் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே பிடிபடும் போலிருக்கிறது.

தம்பி குடும்பம் சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தம்பி லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எங்கள் பக்கம் அதை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். பையன் 2020-இல், ஊரடங்கு சமயத்தில் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. நாலைந்து மாதத்தில் நிற்க வேண்டிய கழுத்து, ஒரு வயதாகியும் சரியாக நிற்கவில்லை. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் எந்திரிக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். நானும் சொன்னேன். படித்தவள் நான் சொன்னதால் அவர்கள் இன்னும் நாலு மாதம் பொறுத்திருந்தார்கள். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும். அம்மா ஆசையாக வாங்கிய நடைவண்டி பரண்மேல் ஏறியது. ஒன்றரை வயதில் டாக்டர் பெயர் சொன்னார்: மூளை முடக்குவாதம்.

பிள்ளைத்தமிழில் ஒவ்வொரு பருவத்துக்கும் மாதக் கணக்கு உண்டு. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வாரானை. சப்பாணி என்றால் குழந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பாடுகிறவர் தாயின் இடத்தில் நின்று, கொட்டு கொட்டு என்று கெஞ்சுவார். அதே சொல்லுக்குத் தெருவில் வேறு பொருள். ஒருநாள் சாயங்காலம் வாசலில் அவனை மடியில் வைத்திருந்தபோது, சைக்கிளில் போன ஒரு பையன் அந்தப் பொருளில் அவனைக் கூப்பிட்டுவிட்டுப் போனான். தம்பி மனைவி தலையைக்கூடத் தூக்கவில்லை. அவளுக்கு அது பழகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாவு மட்டும்

மூன்று வயது முடிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். டீச்சர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பதிவேட்டைப் புரட்டி அவன் பெயர் இருப்பதைக் காட்டினார். "பேரு இருக்கும்மா. மாவு பாக்கெட்டு மாசாமாசம் வந்து வாங்கிக்கோங்க. ஆனா பையனை இங்க விட வேண்டாம். விடணும்னா நீங்க கூடவே இருங்க" என்றார்.

கூடவே இருங்க. எவ்வளவு சாதாரணமான வார்த்தை! மற்ற தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவதற்காகத்தான் பால்வாடி இருக்கிறது. இவளிடம் மட்டும் கூடவே இருக்கச் சொன்னால் அது என்ன அனுமதி? மூன்று வருடமாக அவள் ஆபீசுக்குப் போகவில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது, அது உதவிதான். ஆனால் மூன்று வருடமாக அவள் ஒரு கல்யாண வீட்டில் முழுசாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. உறவில் ஒரு வளைகாப்பில், கர்ப்பிணிப் பெண் இவள் பிள்ளையைப் பார்த்துவிடக் கூடாது என்று யாரோ காதோடு சொல்ல, கொல்லைப்புறமாக வெளியே வந்து என் கையில் அவனைக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றாள். பிள்ளையை ஒதுக்குவதற்கு முன்னாலேயே தாயை ஒதுக்கிவிடுகிறோம்.

அன்றைக்கு எனக்கு டீச்சர்மேல் கோபம் கோபமாக வந்தது. மறுவாரம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "அக்கா, இருபத்தஞ்சு பிள்ளைக. நானும் ஆயாவும்தான். செல்போன்ல ஏத்தணும், எடை பாக்கணும், கர்ப்பிணிக வீட்டுக்குப் போகணும். இவனுக்கு எப்பிடிச் சோறு ஊட்டணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. புரை ஏறி எதாவது ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய பயம் நியாயமானது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுத்த வாக்கில் ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்தப் பயத்தோடு ஒருத்தரைத் தனியாக விட்டுவிட்டு, நீ ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேட்பது சுலபம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து சட்டம், திட்டம் என்று தேடித் தேடிப் படித்தேன். பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். நம் ஊரில் கோயில் இல்லாத தெரு இருக்கும், பால்வாடி இல்லாத ஊர் அநேகமாக இருக்காது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சின்ன வயதுக்கு என்றே வேறொரு ஏற்பாடு நம்மிடம் கிடையாது. ஆனால் உரிமை என்று வரும்போது சட்டம் வேறு வயதிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் இலவசக் கல்வி 6 வயதிலிருந்து 18 வரை. ஆறு வயதுக்கு முன்னால் பராமரிப்பும் கல்வியும் கொடுக்க அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. மூளை வேகமாக வளர்கிற, கையும் காலும் வழிக்கு வருகிற காலம் முழுக்க இந்த 'முயல வேண்டும்' என்ற சொல்லுக்குள் போய்விடுகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, ஒரு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் ஊருக்கும் அந்தக் குழு வந்திருக்கிறது. வந்தவர்கள் மையத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். என் மருமகன் மையத்தில் இல்லை. அவன் பெயர் பதிவேட்டில் இருந்தது, மாவு வீட்டில் இருந்தது, அவன் திண்ணையில் படுத்திருந்தான். யாருக்காக அந்த வண்டி அவ்வளவு தூரம் வந்ததோ, அவனைப் பார்க்காமலே திரும்பிப் போயிற்று.

ஐப்பசி மழை

2023 ஐப்பசியில் ஒருநாள். நான் தீபாவளிக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். மாவு வாங்கப் போகிறேன் என்று தம்பி மனைவி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மையத்துக்குள் நுழையவும் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டிருந்தாள். பரிதவித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஆயாம்மா, "குடுத்துட்டு ஓடு தாயி, நான் வச்சுருக்கேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். இவள் ஒரு நொடி டீச்சரைப் பார்த்திருக்கிறாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

மழை விட அரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையில் திரும்பிப் போனோம். வாசலில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஆயாம்மா சுவரோரம் முதுகைச் சாய்த்து இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டக் கிழவிகள் உட்காருவார்களே, அப்படி. இரண்டு தொடைக்கும் நடுவில் என் மருமகன். அவன் முதுகு அவர் வயிற்றில் சாய்ந்திருந்தது. இடுப்பு மடங்கி, தொடைகள் இரண்டு பக்கமும் அணைகட்டியதுபோல இருந்ததால் அவன் சரியவில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் உரித்த சின்ன வெங்காயம். அவர் கை பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. எதிரே வட்டமாகப் பிள்ளைகள். டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க, எல்லாரும் கை தட்டினார்கள். ஆயாம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவன் மணிக்கட்டு இரண்டையும் பிடித்து மெல்ல ஒன்றோடொன்று சேர்த்தார். அடுத்த அடிக்கு அவர் பிடிக்கவில்லை. அவனாகவே வலது கையைக் கொண்டுவந்தான். இடது கைவரை போகவில்லை, பாதியில் நின்றது. மறுபடி கொண்டுவந்தான். அவன் கண் முழுக்க எதிரே இருந்த பிள்ளைகள்மேல் இருந்தது. மூன்றரை வயதுவரை அவன் உலகத்தைப் பெரும்பாலும் படுத்த வாக்கில்தான் பார்த்திருந்தான். மேற்கூரை, மின்விசிறி, குனிந்து பார்க்கும் பெரியவர்களின் முகங்கள். தன் உயரத்தில் இருக்கும் முகங்களை ஒரு வட்டத்துக்குள்ளிருந்து அன்றைக்குத்தான் அவன் பார்த்தான்.

தம்பி மனைவி உள்ளே போகவில்லை. போய் அவனைத் தூக்கினால் அந்த வட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தாள். பாட்டு முடிகிறவரை அங்கேயே இருந்தாள்.

டீச்சர் அன்றைக்குப் பேசியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். மறுநாள் அவரே ஆள் சொல்லி அனுப்பினார். "ரெண்டு மணி நேரம் விட்டுப் பாப்போம். சாப்பாட்டுக்கு மட்டும் அம்மா வரட்டும்." அடுத்த வாரத்துக்குள் அறையின் ஒரு மூலையில், சுவர் இரண்டும் சேருமிடத்தில், பழைய கோணிப்பையை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய சின்னச் சாக்கு வைத்து அவனுக்கு ஓர் இடம் தயாரானது. ஆயாம்மா சமையலில் இருக்கும்போது அங்கே உட்காருவான். சமையல் முடிந்தால் மடி.

இரண்டு மணி நேரம்

முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? படுத்துத் தூங்கினாள். பகல் பத்து மணிக்கு, பாயைக்கூட விரிக்காமல், வெறும் தரையில். நான் எழுப்பித்தான் பன்னிரண்டு மணிக்குப் போனாள். முகமெல்லாம் தரையின் கோடு பதிந்திருந்தது. குழந்தைகளுக்கான திட்டம் என்று நாம் பேசும்போது இந்தத் தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடை கூடியதா, உயரம் கூடியதா என்று அட்டையில் புள்ளி வைக்கிறோம். தாய் தூங்கினாளா என்பதற்கு அட்டையில் இடம் இல்லை. தூங்கி எழுந்த தாயின் கையில் அந்தப் பிள்ளை வேறு பிள்ளையாக இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நாளில் பாதி நாள் வேலைக்கு ஆபீசில் கேட்டுச் சேர்ந்துகொண்டாள்.

மையத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாய் வந்து, இது மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டாள். இன்னொரு வீட்டில் ஒரு வாரம் பிள்ளையை அனுப்பவில்லை. ஆனால் அதற்குள் டீச்சர் மாறியிருந்தார். அடுத்த முறை மருத்துவக் குழு வந்தபோது அவன் அறைக்குள்ளேயே இருந்தான். பார்த்தார்கள், எழுதிக் கொடுத்தார்கள், மாவட்ட மையத்துக்குப் போனோம். குழுவில் வந்த டாக்டரிடம் டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அந்தத் தாய்க்கு அவர்தான் பதில் சொன்னார்: "இது ஒட்டுற நோய் இல்லம்மா. பிறக்கும்போது மூளைக்கு மூச்சு பத்தலை, அவ்வளவுதான். ஒம் பிள்ளைதான் இவனுக்குத் தண்ணி குடுக்குது, போய்ப் பாரு." உண்மைதான், அந்த வீட்டுப் பெண்குழந்தைதான் இவனுக்குப் பக்கத்தில் உட்காரச் சண்டை போடும்.

மாவட்ட மையத்து இயன்முறை மருத்துவரிடம் ஆயாம்மா உட்கார்ந்த விதத்தை நான் உட்கார்ந்தே காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, நாங்கள் சொல்லிக்கொடுப்பதே இதுதான் என்றார். இடுப்பு மடங்கியிருந்தால் உடம்பின் விறைப்பு தளரும், தலை நேராக நிற்கும், விழுங்குவது சுலபமாகும். அப்புறம் அவர் சொன்ன கணக்கு என் மனதில் தங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் வந்தால் ஒரு மணி நேரம். பால்வாடியில் தினமும் இரண்டு மணி நேரம் சரியாக உட்கார்ந்தால் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். என்னிடம் வர இரண்டு பஸ், ஒரு நாள் கூலி போகும். அங்கே நடந்தே போகலாம்.

இதைத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் படிக்கும்போது கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த அமைப்பு கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சின்னப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புகிறது. அவர்களுக்குப் பின்னால் நிபுணர்கள் இருக்கிறார்கள், செல்போன் செயலி வழியாகப் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த தெரு அக்கா ஒருத்தி வந்து, பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று தாய்க்குக் காட்டுகிறாள். தாய் வீட்டுக்குள் தனியாக இல்லை. டீச்சர் கேட்டாரே, யாருக்குப் பதில் சொல்ல என்று, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஆயாம்மா கால் நீட்டிய அந்த ஐப்பசி முடிந்து, 2023 நவம்பர் 28-ஆம் தேதி மத்திய அரசு டெல்லியில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. பால்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்ப்பதற்கென்றே எழுதியது. முதலில் அறிகுறிகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, அடுத்து ஊர் நிகழ்ச்சிகளில் பிள்ளையைச் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணையாக இருப்பது, பிறகு மருத்துவக் குழு வழியாகச் சிகிச்சைக்கு அனுப்புவது. வரி வரியாகப் படித்தேன். நடுவில் இருக்கும் அந்தப் படியைப் படித்தபோது கிணற்றடியில் நின்ற தம்பி மனைவி ஞாபகம் வந்தாள். காகிதத்தில் அவள் இருக்கிறாள். இது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

இப்போது என் உறுத்தலுக்கு வருகிறேன். ஒருவேளை அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால்? ஆயாம்மாவுக்கு மூட்டுவலி இருந்திருந்தால்? வேறொரு ஆயா இருந்திருந்தால்? "நல்ல மனசு" என்று சொல்கிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. நல்ல மனசு என்று சொன்னதும், அது அதிர்ஷ்டக் கணக்கில் போய்விடுகிறது. என் மருமகனுக்குக் கிடைத்தது, பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. பக்கத்து ஊரில் உண்மையிலேயே ஒரு பிள்ளை இருக்கிறாள். நாலு வயது. மாவு மாசாமாசம் வீட்டுக்குப் போகிறது. அவள் இன்னும் மேற்கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆயாம்மாவிடமே ஒருமுறை கேட்டேன், ஏன் அன்றைக்கு வாங்கினீர்கள் என்று. "பிள்ளைய வாங்குறதுக்கு என்னத்தா காரணம்?" என்றார். அவருக்கு அது வேலை. சோறு பொங்குவதும் தரை கூட்டுவதும் போல அதுவும் தன் வேலைக்குள் அடக்கம் என்றுதான் அவர் நினைத்தார். நாம்தான் அதைப் பெரிய புண்ணியமாக்கி அவர் தலையில் வைத்துவிட்டோம்.

போன மாதம் அவர் பணி ஓய்வு பெற்றார். பக்கத்து மையத்திலிருந்து மாறுதலில் ஒரு பெண் வந்திருக்கிறார், முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் பையனைப் பார்த்துப் பயந்து தள்ளியே நின்றாராம். கேள்விப்பட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் போவதற்குள் தம்பி மனைவி மையத்தில் உட்கார்ந்திருந்தாள், சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, மடியில் பையன். எதிரே புது ஆயா சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் தெருவில் தலை தூக்காதவள், கொஞ்சம்கூடத் தயங்காமல் பேசிக்கொண்டிருந்தாள். "மொகத்தை மேல தூக்கிறாதீங்க, தாடை லேசாக் கீழ இருக்கணும். அவன் அவசரப்பட மாட்டான், நம்மதான் அவசரப்படுவோம்."

நான் டீச்சரிடம், இதையெல்லாம் எழுதி வைத்துவிடுங்கள், நாளைக்கு நீங்களும் மாறுதலில் போவீர்கள் என்றேன். அவர் சார்ட் பேப்பர் ஒன்றை எடுத்தார். இவள் சொல்லச் சொல்ல எழுதினார். எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்வான், சோறு எவ்வளவு குழைய வேண்டும், மூலையில் மணல் சாக்கு எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும். சாப்பாட்டு அட்டவணைக்கும் எடை அட்டைக்கும் நடுவில் அதை ஒட்டினார்கள். ஜூனில் இவன் பள்ளிக்கூடம் போகப்போகிறான், அங்கே வாசலில் மூன்று படி இருக்கிறது, அது அடுத்த சண்டை. அந்தத் தாளில் ஒரு பிரதி எடுத்து, பக்கத்து ஊர்ப் பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுக்கத் தம்பி மனைவி மடித்து வைத்துக்கொண்டாள். கடைசி வரி அவள் சொன்னபடியே இருக்கிறது: "அவன் முழுங்குனதுக்கு அப்புறம்தான் அடுத்த வாய்."